துப்பாக்கிச் சங்கங்கள் கேட்காமல் விடும் மூன்றாவது கேள்வி

நவம்பர் 11 அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நாள். அது நெருங்கும்போது அங்குள்ள துப்பாக்கிச் சங்கங்களின் கமிட்டிக் கூட்டங்களில் தவறாமல் ஒரு விஷயம் விவாதத்துக்கு வரும். இந்த வருடம் வசூலாகும் பணத்தை எந்தப் படைவீரர் அமைப்புக்குக் கொடுப்பது? ஒருவர் டிவி விளம்பரத்தில் பார்த்த பெரிய பெயரைச் சொல்வார். "அவங்களுக்குத் துப்பாக்கின்னாலே ஆகாதே" என்பார் பக்கத்து நாற்காலிக்காரர். "அது கிடக்கட்டும், அங்க பணம் எங்க போகுதுன்னு தெரியுமா?" என்று மூன்றாமவர் தொடங்குவார். ராத்திரி பத்து மணி வரை பேச்சு இந்த இரண்டையும் சுற்றியே ஓடும்.

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் இரண்டுக்குமே பதில் கிடைப்பதில்லை. இவற்றைவிட முக்கியமான மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

குழப்பம் எப்படி வந்தது என்று பார்க்க வூண்டட் வாரியர் புராஜெக்டின் கதையே போதும். 2003-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் தொடங்கிய அமைப்பு. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் காயத்தோடு வந்து இறங்கும் வீரர்களுக்கு மாற்றுத் துணி, சோப்பு, பல்துலக்கி போட்ட முதுகுப்பை கொடுப்பதுதான் ஆரம்ப வேலை. பிறகு தலைமையகம் புளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கு மாறியது. பத்துப் பதினோரு வருடத்தில் ஆண்டு வருமானம் 30 கோடி டாலரைத் தாண்டியது.

2012-ல் படைவீரர் நாளை ஒட்டி, டாம் கிரெஷம் நடத்தும் 'கன் டாக்' என்ற வானொலி நிகழ்ச்சி அந்த அமைப்பைப் பேச அழைத்தது. துப்பாக்கி தொடர்பான ஊடகங்களில் நாங்கள் பங்கேற்பதில்லை என்று பதில் வந்தது. நாடு முழுக்கத் துப்பாக்கிக்காரர்கள் கொதித்துப்போனார்கள். போரில் துப்பாக்கி ஏந்தி அடிபட்டவனுக்காக வசூலிக்கிறீர்கள், அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுபவனோடு உட்கார மாட்டீர்களா என்பது அவர்கள் கேள்வி. அமைப்பின் தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவன் நார்டிஸி பின்னர் அதே நிகழ்ச்சிக்கு வந்து விளக்கம் சொன்னார். கோபம் கொஞ்சம் தணிந்தது, முழுதாகத் தீரவில்லை.

என் கணிப்பில், அந்தப் பதிலில் மன்னிக்க முடியாதது மரியாதைக் குறைவு மட்டுமே. ஓர் அறக்கட்டளை தன் முத்திரையைத் துப்பாக்கியிலோ மதுப் புட்டியிலோ பொறிக்க விடமாட்டேன் என்று சொல்வது எச்சரிக்கையான வணிக முடிவு. பெரிய கம்பெனிகளிடம் பணம் கேட்டுப் போகிறவர்கள் இப்படி ஒரு கோடு போட்டுக்கொள்வது வழக்கம். அதை வைத்து அவர்கள் துப்பாக்கிக்கு எதிரி என்று முடிவு கட்டுவது, கல்யாண வீட்டில் மது பரிமாறாதவரை மதுவிலக்குப் போராளி ஆக்குவதைப் போன்றது.

இதன் விளைவு வேறு இடத்தில் தெரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் கோபித்துக்கொண்டு விலகியவர்கள் பணக் கணக்கைப் பார்க்கவில்லை. கோபிக்காமல் தொடர்ந்து கொடுத்தவர்களும் பார்க்கவில்லை. 2016 ஜனவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் நியூயார்க் டைம்ஸும் அடுத்தடுத்து அந்தக் கணக்கை வெளியே கொண்டுவந்தன. 2014-ல் கொலராடோவின் ஆடம்பர விடுதி ஒன்றில் நடந்த ஊழியர் கூட்டமும், செலவில் ஏறத்தாழ 60 சதவீதமே படைவீரர் திட்டங்களுக்குப் போனது என்ற மதிப்பீடும் தலைப்புச் செய்தி ஆயின. மார்ச்சில் நார்டிஸியும் தலைமை இயக்க அலுவலரும் நீக்கப்பட்டார்கள். பின்னர் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் மைக்கேல் லினிங்டன் பொறுப்பேற்றார்.

அமைப்பு சொன்ன கணக்கு 80 சதவீதம். பத்திரிகைகள் சொன்னது 60. ஒரே அமைப்பின் கணக்கைப் பற்றிய இரண்டு எண்கள். யாரும் எண்ணை மாற்றி எழுதவில்லை. வித்தியாசம் பெரும்பாலும் 'கூட்டுச் செலவு' என்ற ஒரு வரியில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எந்த அமைப்பின் கணக்கையும் படிக்கலாம்.

வீட்டுக்கு ஓர் உறை வருகிறது. உள்ளே ஒரு பக்கத்தில், போர் அதிர்ச்சியின் அறிகுறிகள் இவை, உங்களுக்குத் தெரிந்தவரிடம் கண்டால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று இருக்கும். மறுபக்கம், மாதம் 19 டாலர் தாருங்கள் என்று இருக்கும். அச்சுக் கூலியும் தபால் செலவும் எந்தக் கணக்கில் சேரும்? நோக்கம், வாசகர், உள்ளடக்கம் என்ற மூன்று சோதனைகளில் தேறினால், செலவின் ஒரு பகுதியைப் 'பொதுமக்கள் கல்வி' என்று திட்டச் செலவில் காட்டிக்கொள்ள அமெரிக்கக் கணக்கியல் விதி அனுமதிக்கிறது. சட்டப்படி சரி. ஆனால் காலிழந்த வீரரின் வீட்டுக்குச் சாய்தளம் கட்டப் போனதாகக் கொடுத்தவர் நினைத்த டாலர், தபால்தலையாகிப் போயிருக்கும். டிவி நிலையங்கள் இலவசமாகக் கொடுத்த விளம்பர நேரத்தையும் வரவிலும் திட்டச் செலவிலும் ஏற்றினால் சதவீதம் இன்னும் அழகாகும். 2017-ல் செனட்டர் சக் கிராஸ்லி வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டையும்தான் சுட்டியது.

இனி, இந்தக் கணக்கைப் பார்க்க உதவும் காகிதம். வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய 990 எண் படிவம் அது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அமைப்பின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், ஒன்பது இலக்க வரி அடையாள எண்ணைக் கேட்டு வாங்கித் தேடுங்கள். முன்னாள், படைவீரர், காயம், தேசம், வீடு என்ற ஐந்தாறு சொற்களை மாற்றி மாற்றி அடுக்கியே இந்தத் துறையில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கின்றன. நெப்ராஸ்காவில் ஏறக்குறைய ஒரே பெயர் கொண்ட இரண்டு அமைப்புகள், ஒருவருக்கு வர வேண்டிய நன்கொடை மற்றவருக்குப் போய்விட்டது என்று வழக்காடி, அது 17 லட்சம் டாலர் அளவிலான தீர்ப்பில் முடிந்தது. கொடுத்தவர்களுக்குத் தாங்கள் யாருக்குக் கொடுத்தோம் என்பதே தெரியவில்லை.

படிவத்தில் நேரே ஒன்பதாம் பகுதிக்குப் போங்கள். நான்கு பத்திகள் இருக்கும்: மொத்தம், திட்டச் செலவு, நிர்வாகம், நிதி திரட்டல். திட்டச் செலவை மொத்தத்தால் வகுத்தால் எல்லோரும் சண்டை போடும் அந்தச் சதவீதம் வரும். அதோடு நிறுத்தாமல் அதே பகுதியின் 26-ஆம் வரிக்கு இறங்குங்கள், கூட்டுச் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும். அதில் திட்டப் பத்தியில் ஏற்றிய தொகையைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள். 80 என்றது 78 ஆனால் கவலையில்லை. 58 ஆனால் கமிட்டியில் பேச விஷயம் இருக்கிறது.

சம்பளம் ஏழாம் பகுதியில். கூட்டங்களில் அதிக நேரம் தின்பது இதுதான், என்னைக் கேட்டால் அவ்வளவு நேரத்துக்குத் தகுதியில்லை. முப்பது கோடி புரளும் அமைப்பை நடத்துகிறவருக்கு ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சம்பளம் என்றால் மொத்தத்தில் அது 0.2 சதவீதம்கூட இல்லை. ஐந்து லட்சம் வசூலிக்கும் சிறிய அமைப்பில் தலைவர் 90,000 எடுத்து, மனைவியும் மச்சானும் பொருளாளரும் செயலாளருமாக இருந்தால் அங்கே நிமிருங்கள்.

அடுத்து ஜி அட்டவணை. தொலைபேசி வசூல் கம்பெனிகளுக்கு ஆண்டில் 15,000 டாலருக்கு மேல் கொடுத்தால் இதை நிரப்ப வேண்டும். கம்பெனியின் பெயர், அது வசூலித்த மொத்தம், அது எடுத்துக்கொண்டது, அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தது எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். ஒரு டாலரில் எண்பது காசு வசூல்காரருக்கே போகும் வரிசைகளையும் பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து, படைவீரர்கள் பெயரால் உருக்கமாகப் பேசுகிறவர் மணிக்கூலிக்கு வேலை செய்பவர் என்பது அங்கே தெரிந்துவிடும்.

இந்தப் படிவத்தைக் கும்பிடவும் வேண்டாம். நிரப்பிக் கொடுப்பது அமைப்பேதான். யு.எஸ். நேவி வெட்டரன்ஸ் அசோசியேஷன் என்ற பெயரில் புளோரிடாவின் டாம்பாவிலிருந்து ஏறத்தாழ 10 கோடி டாலர் சுருட்டிய ஆசாமியும் படிவம் தாக்கல் செய்தவர்தான். அதில் இருந்த நிர்வாகிகள் இல்லாத மனிதர்கள், கிளைகள் இல்லாத கிளைகள், அவருடைய பெயரே பொய். 2013-ல் ஒஹையோ நீதிமன்றம் அவருக்கு 28 ஆண்டுச் சிறை கொடுத்தது. எனவே வெளித் தணிக்கையாளர் கையெழுத்திட்ட நிதி அறிக்கையையும் கேளுங்கள். அமைப்பின் முகவரியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டாம்பா முகவரிகளில் பல, தபால் பெட்டி வாடகைக் கடைகள்.

துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. படைவீரர் அமைப்பின் விடுதிச் செலவைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தவர்களில் பலர் தங்கள் சொந்தச் சங்கமான தேசிய ரைஃபிள் சங்கத்தின் (என்.ஆர்.ஏ.) 990-ஐ ஒருநாளும் திறந்ததில்லை. 2024 பிப்ரவரியில் நியூயார்க் நடுவர் குழு, அதன் முன்னாள் தலைமை நிர்வாகி வேய்ன் லாபியர் 40 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று சொன்னபோது ஆச்சரியப்பட்டார்கள். நம் கொள்கைக்காரர் என்பது கணக்கு சரியாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது, வேறு கொள்கைக்காரர் என்பது கணக்கு கெட்டிருப்பதற்கும் சாட்சி ஆகாது.

அமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு பணம் திரட்டும் வழியில் சிக்கல் தொடங்கும். துப்பாக்கிச் சங்கங்களுக்குப் பிடித்த வழி, ரைஃபிள் ஒன்றைப் பரிசாக வைத்துக் குலுக்கல். கணக்குக்காக, 20 டாலர் சீட்டு 100 என்று வைத்துக்கொள்வோம். 2,000 வரும். ரைஃபிள் 800, அச்சும் இதரமும் 100, மிச்சம் 1,100. உள்ளூர்க் கடைக்காரர் ரைஃபிளை இனாமாகத் தந்தால்தான் கணக்கு இனிக்கும். சீட்டு வாங்கியவருக்கு வரிவிலக்கு ஒரு காசு கிடையாது, ஏனென்றால் வரித்துறைக்கு அது சூதாட்ட டிக்கெட். விருந்து என்றால் வேறு: 100 டாலர் டிக்கெட்டில் 40 டாலர் சாப்பாடு போனால் மீதி 60-க்குத்தான் விலக்கு. டிக்கெட் 75 டாலரைத் தாண்டினால் இதை எழுத்தில் சொல்ல வேண்டியது அமைப்பின் கடமை. குலுக்கலுக்கு அனுமதி உண்டா, யார் நடத்தலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆன்லைன் கட்டணச் சேவைகளில் சில துப்பாக்கிக் குலுக்கலை ஏற்பதில்லை. ஒப்பந்தத்தைப் படிக்காமல் தொடங்கினால் பாதியில் பணம் முடங்கும்.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. செயலாளர் கடையில் ரைஃபிளைச் சங்கத்தின் சார்பில் வாங்கிவந்து, மேடையில் கைதட்டலோடு வென்றவர் கையில் கொடுத்துவிடுவார். வென்றவர் பக்கத்து மாநிலத்துக்காரர் என்றால் அந்த இடத்திலேயே கூட்டாட்சிச் சட்டம் மீறப்பட்டுவிட்டது. தனியார் கைமாற்றத்துக்கும் பின்னணிச் சோதனை கேட்கும் மாநிலமாக இருந்தால் இன்னொரு மீறல். பத்திரமான வழி: பரிசுத் துப்பாக்கி, உரிமம் பெற்ற வியாபாரியின் கணக்கேட்டிலேயே இருக்கட்டும். மேடையில் காட்சிக்கு வைக்கலாம், பிறகு கடைக்குத் திரும்பட்டும். வென்றவர் கடைக்குப் போய், துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் 4473 எண் படிவத்தை நிரப்பி, 'நிக்ஸ்' எனும் கூட்டாட்சிப் பின்னணிச் சோதனையில் தேறி வாங்கிக்கொள்வார். கைத்துப்பாக்கி என்றால் வென்றவரின் சொந்த மாநிலத்து வியாபாரி வழியாகத்தான் போக வேண்டும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். ரைஃபிளுக்கு 18 போதும், வேறு மாநிலத்துக்காரரும் இரு மாநிலச் சட்டமும் இடம் தந்தால் வாங்கலாம். சோதனையில் தேறாதவருக்கு என்ன மாற்றுப் பரிசு என்பதைச் சீட்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடுங்கள். இல்லையென்றால் வீண் வழக்கு.

டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ அலுவலக நண்பர் நீட்டும் சீட்டை வாங்கும் நம்மவர்கள் கவனிக்க: ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தராது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. நல்ல காரியத்துக்கு 20 டாலர் கொடுக்க நினைத்தால் சீட்டு வாங்காமல் கொடுத்துவிடலாம்.

இன்னொரு வழி, கொடியும் கழுகும் பொறித்த 'படைவீரர் நினைவுப் பதிப்பு' ரைஃபிள். 'விற்பனையில் ஒரு பகுதி' என்று பெட்டியில் இருக்கும். எவ்வளவு பகுதி? ஒரு துப்பாக்கிக்கு எத்தனை டாலர், உச்ச வரம்பு உண்டா, விற்காவிட்டாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்ற உறுதி உண்டா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? இந்த நான்கும் எழுத்தில் இல்லாவிட்டால் அது விளம்பரம். பிடித்திருந்தால் துப்பாக்கிக்காக வாங்குங்கள், தர்மக் கணக்கில் எழுதாதீர்கள்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி.

அமெரிக்கப் படைவீரர் நலத்துறையின் கணக்குப்படி 2022-ல் தற்கொலை செய்துகொண்ட முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர். அதில் 73.5 சதவீதம் துப்பாக்கியால். படைவீரர் அமைப்பு எதுவும், அது சக்கர நாற்காலி கொடுப்பதானாலும் மீன்பிடிக்க அழைத்துப் போவதானாலும், இந்த எண்ணைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே கமிட்டி கேட்க வேண்டியது, அமைப்பின் முத்திரை எதன்மேல் இருக்கிறது என்பதை அல்ல. உங்கள் உதவி எண்ணுக்கு ஒரு வீரர் போன் செய்து, "மனசு சரியில்லை, வீட்டில் துப்பாக்கி இருக்கு" என்று சொன்னால் உங்கள் ஊழியர் என்ன சொல்வார்?

தலைமையகத்துக்குப் போன் போட்டு அப்படியே கேட்கலாம். பதில்கள் மூன்று விதமாக வரும். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்பது ஒன்று. உடனே போலீசுக்குச் சொல்வோம் என்பது இன்னொன்று. மூன்றாவது: அவரிடம் என்ன துப்பாக்கி, எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், இரண்டு வாரம் வேறு இடத்தில் வைக்க யார் இருக்கிறார்கள் என்று பக்குவமாகக் கேட்கப் பயிற்சி கொடுத்திருக்கிறோம். மூன்றாவது பதில் சொல்கிற அமைப்புக்கு, அதன் திட்டச் சதவீதம் இரண்டு புள்ளி குறைந்தாலும் என் வாக்கு.

முதல் இரண்டு பதில்களும் ஏன் தோற்கின்றன என்பது துப்பாக்கிக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. தன் பணத்தைத் தானே நிர்வகிக்க முடியாதவர் என்று நலத்துறை வேறொருவரை நியமித்தால், அந்த வீரரின் பெயர் நீதிபதியின் உத்தரவு இல்லாமலேயே துப்பாக்கி வாங்கத் தடையுள்ளோர் பட்டியலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் வந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டம்தான் அதற்குத் தடை போட்டது. இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகு, துப்பாக்கி என்றாலே முகம் சுளிக்கும் குரலிடம் எந்த வீரரும் மனம் விட்டுப் பேச மாட்டார். 2012-ல் வந்த அந்த மறுப்புப் பதிலில் உண்மையான நஷ்டம் இங்கேதான். வானொலி கேட்டுக்கொண்டிருந்த வீரர்களில் எத்தனை பேர், இது நமக்கான இடமில்லை என்று எண்ணை எழுதிக்கொள்ளாமல் விட்டிருப்பார்கள்?

சங்கமே செய்யக்கூடிய வேலையும் இதில் உண்டு. நலத்துறை இலவசமாகத் தரும் கம்பிப் பூட்டுகளை வாங்கிச் சுடுதளத்தில் வைக்கலாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டா அறை வழியாகவோ தோட்டாக்கூடு செருகும் துளை வழியாகவோ கம்பியை விட்டுப் பூட்ட வேண்டும். லீவர் ரைஃபிள் சிலவற்றில் கம்பி சரியாக நுழையாது, அதற்குப் பெட்டகம்தான். கம்பியை வெட்டிவிடலாமே என்பார்கள். வெட்டலாம். திருடனைத் தடுக்க அது போதாது. இங்கே வேண்டியது சில நிமிடத் தாமதம், கொந்தளிப்பு தணிய அவகாசம். சாவி அதே வீட்டுக் கொத்தில் தொங்கினால் அந்தத் தாமதமும் இல்லை, சாவி வேறொருவரிடம் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே வைப்பது இன்னும் நல்லது. நண்பரிடம் கொடுப்பதாக இருந்தால் மாநிலச் சட்டத்தை முன்பே பார்த்து வையுங்கள். தனியார் கைமாற்றத்துக்குச் சோதனை கேட்கும் மாநிலங்களில் சில, உயிராபத்தைத் தடுக்கத் தற்காலிகமாகக் கொடுப்பதற்கு விலக்கு தருகின்றன, வாஷிங்டன் மாநிலம் அப்படி. கடைக்காரர் தம் கணக்கேட்டில் ஏற்றி வாங்கி வைத்தால், திருப்பித் தரும்போது உரிமையாளரே 4473 நிரப்பிச் சோதனையில் தேற வேண்டும். இது முன்பே தெரியாவிட்டால், "ஏமாத்திப் பிடுங்கிட்டாங்க" என்ற கதை ஊர் முழுக்கப் பரவும். சாவி உரிமையாளரிடமே இருக்கும் வாடகைப் பெட்டகம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. சுடுதளத்தில் பத்துப் பெட்டகம் வைக்கச் சங்கத்தின் ஒரு வருட வசூல் போதுமா என்று பொருளாளர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரத்துத் தலைமையகத்துக்கு அனுப்பும் காசோலையைவிட அது பயன்படலாம்.

உடனடி நெருக்கடியில் இருக்கும் வீரருக்கு அமெரிக்காவில் 988 அழைத்து 1 அழுத்தினால் போதும். சுடுதளத்தின் கழிப்பறைக் கதவு உட்பட எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டிய எண் அது.

தீர்மானம் நிறைவேறியபின் காசோலையை அமைப்பின் முழுச் சட்டப் பெயருக்கு எழுதுங்கள், படிவத்தில் இருக்கும் முகவரிக்கே அனுப்புங்கள். போன் செய்தவர் சொன்ன முகவரி வேண்டாம். இன்ன திட்டத்துக்கு மட்டும் என்று குறிப்பு எழுதலாம், ஆனால் சிறு தொகையில் அதற்குப் பெரிய பலன் கிடையாது. நீங்கள் போட்ட 500 டாலர் அந்தத் திட்டத்துக்குப் போகும், அங்கே ஏற்கெனவே இருந்த 500 வேறு பக்கம் நகரும். 250 டாலரோ அதற்கு மேலோ என்றால் எழுத்தில் ஒப்புகை கேளுங்கள். இந்த ஆண்டுக் கணக்கு படிவத்தில் தெரிய ஒன்றரை வருடம்கூட ஆகும், அதனால் வரி அடையாள எண்ணை மினிட்ஸ் நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த செயலாளருக்குத் தேவைப்படும்.